அச்சுத்தாள் மூட்டு

‘ஆங்கிலக் காகிதத் துண்டாக்கல்’ என்ற தொடர் கைவேலைக் காணொளிகளின் அடியில் ஓடும் தமிழிலும் பயிற்சி வகுப்பு அறிவித்தல்களிலும் தலைகாட்டத் தொடங்கிக் கொஞ்சக் காலமாகிறது. மட்டக்களப்புக் கல்லடியில் அப்படி ஓர் அறிவித்தலை வாசித்த என் மச்சாள் கேட்டாள்: “துண்டு துண்டா வெட்டுறத்துக்கு என்னத்துக்குகா வகுப்பு? கத்தரிக்கோல் இருந்தாக் காணாதா?” அவளில் பிழையில்லை. அந்தத் தொடர் அதைத்தான் சொல்கிறது.

இங்கிலிஷ் பேப்பர் பீசிங் என்பதன் மொழிபெயர்ப்பாம் இது. பீஸ் என்றால் துண்டு. ஆனால் தைக்கிறவர்கள் அதை வினையாக்கினால், துண்டுகளைச் சேர்த்து ஒரு துணியாக்குவது என்று பொருள். துண்டாக்கல் என்றதும் வேலை தலைகீழாகிவிட்டது. அகராதியில் முதல் பொருளைப் பார்த்துவிட்டுப் புத்தகத்தை மூடியதன் பலன்.

இப்படிச் சேர்த்த துணி பெரும்பாலும் குவில்ட் என்ற போர்வையின் மேல்துணியாகிறது. அந்தச் சொல்லின் கதை சிறியது. மெத்தையைக் குறித்த இலத்தீன் சொல் ‘குல்கிதா’ பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய்க் குவில்ட் ஆயிற்று. இன்று அது மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி என்று மூன்றடுக்கு வைத்து, மூன்றையும் ஊடுருவித் தைத்த போர்வை. வேரைப் பார்த்து ‘மெத்தை’ என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். போர்த்துக்கொள்வதை மெத்தை என்றால் எங்கே படுப்பது? நம் வெக்கைக்கு நாம் வைத்திராத பொருள் இது. கேக்கைக் கேக்காகவே விட்டதுபோல் குவில்டையும் விட்டுவிடலாம் என்பது என் கட்சி. செய்முறைக்குத்தான் சொல் வேண்டும், அதற்கு நம்மிடம் சொல் இருக்கிறது.

முதலில் வேலையைச் சொல்கிறேன். தடித்த தாளில் அறுகோணங்கள் வெட்ட வேண்டும். துணியை அதைவிடச் சுற்றிவரக் கால் அங்குலம் பெரிதாக வெட்டி, தாளின்மேல் விளிம்பை மடித்துத் தற்காலிகமாக நூலோட வேண்டும். இப்படி மடித்த இரண்டை முகத்தோடு முகம் வைத்து, ஒரு விளிம்பை நெருக்கமாகச் சுற்றித் தைத்து விரித்தால் இரண்டும் பக்கத்தில் பக்கமாக நிற்கும். ஒரு துண்டைச் சுற்றி நாலாபக்கமும் அயல்துண்டுகள் வந்தபின் அதன் தாளை உருவி மறுபடி பாவிக்கலாம். கோலம் வகுப்பதும் வீட்டுமேசையிலே முடியும். தேன்வதைபோல் அறுகோணக் கட்டங்கள் கீறி நிறம் தீட்டினால் போதும். நடுவில் 1, சுற்றி 6, அதைச் சுற்றி 12, பிறகு 18. ஒரு முனையில் 3 கோணங்கள் சந்திக்கின்றன, ஒவ்வொன்றும் 120 பாகை, ஆகவே இடைவெளி விழாது. தாள் கோணத்தைப் பிடித்துக்கொள்வதால் துணி இழுபடாது. இங்கிலாந்தில் இதன் வயது குறைந்ததல்ல: 1718 என்று ஆண்டு தைத்த பட்டு விரிப்பு ஒன்று இம்முறையில் செய்யப்பட்டது இன்றும் இருக்கிறது.

துண்டாக்கலை ஒரு வரியில் தள்ளிவிடலாம். உண்மையான போட்டி ‘ஒட்டுவேலை’. படித்தவர்கள், தைக்கத் தெரிந்தவர்கள்கூட இதைச் சொல்கிறார்கள். துணியில் ஒட்டு என்றால் நமக்கு என்ன? இடுப்பில் உடுத்தும் சாரத்தில் ஓட்டை விழுந்தால் மேலே வேறு துணி வைத்துத் தைப்பது ஒட்டு. கீழே ஒரு துணி, மேலே ஒரு துணி. அழகுக்காகப் பூவும் இலையும் வெட்டி மேலே வைத்துத் தைக்கும் அப்ளிக் வேலைக்கு இந்தப் பெயர் பொருந்தும். அறுகோண வேலையிலோ கீழே துணியே இல்லை. விளிம்போடு விளிம்பு சேர்கிறது. இதற்கும் ஒட்டைச் செலவழித்துவிட்டால் அப்ளிக்குக்கு எங்கே போவது? ஒட்டுமாங்கன்றைக் காட்டுவார்கள்: அங்கே வெட்டுவாயோடு வெட்டுவாய்தானே சேர்கிறது என்று. வாதம் நல்லதுதான். ஆனால் தோட்டத்தில் ஒரு சொல்லுக்கு வந்த பொருளைத் தையலுக்கு இழுத்து வந்தால், தையலில் அதற்கு ஏற்கெனவே இருக்கும் பொருள் வழிவிட்டு விலகி நிற்காது. ஒட்டுப்போட்ட போர்வை என்று கேட்டவுடன் கிழிசலைத்தான் நினைப்பார்கள்.

தனித்தமிழ் நண்பர் ஒருவர் ‘துன்னல்’ என்கிறார். பழைய சொல், அழகான சொல். பொருநராற்றுப்படையில் ‘வேற்றிழை நுழைந்த துன்னல் சிதாஅர்’ என்று வருகிறது. ஆனால் அங்கே அது பொருநனின் பேன் பிடித்த கந்தல்! கிழிசலில் வேறு நூல் ஓடியதைச் சொல்லும் வரி. ஒட்டு கந்தலை நினைவூட்டுகிறது என்று தள்ளிவிட்டு, பேனோடு சேர்ந்த கந்தலைக் கூப்பிடுவதா?

நமக்கு வேண்டிய சொல் ‘மூட்டு’. மருதமுனைத் தறியில் இறங்கும் சாரத்தை வாங்கினால் தையல்கடையில் கொடுத்து மூட்டுவோம். இரண்டு தலைப்பையும் சேர்த்துவைத்துத் தைத்து விரிப்பது. அறுகோணத்திலும் நடப்பது அதேதான். சாரம் உடுத்துகிறவர் எவருக்கும் விளக்கம் தேவையில்லை. முழங்கால் மூட்டு நினைவுக்கு வருமே என்றால், வரட்டும், அதுவும் இரண்டு சேருமிடம்தான்.

ஒரு சிக்கல் உண்டு. ‘கடதாசி வைத்து மூட்டுதல்’ என்று சொல்லிப் பாருங்கள். அடுப்பு எரியத் தொடங்கிவிடும்! காகிதம் பாரசீகம் வழி, கடதாசி போர்த்துக்கேயம் வழி வந்தவை என்பதற்காக எனக்கு அவற்றில் கோபமில்லை, நெருப்புத்தான் பயம். தாள் என்றால் எங்கள் வயற்காரருக்கு அறுவடைக்குப் பின் நிற்கும் அடித்தாளும் ஞாபகம் வரும், ஆனால் வினாத்தாளும் விடைத்தாளும் எல்லாருக்கும் பழக்கம். தாளின் வேலை இங்கே வடிவத்தைப் பிடித்துவைப்பது, அதாவது அச்சு. ஆகவே அச்சுத்தாள் மூட்டு.

‘ஆங்கில’ என்பதையும் எடுத்துவிட வேண்டும். ஆங்கிலக் காகிதம் என்றால் இங்கிலிஷ் பத்திரிகையை வெட்டுவதாகப் படுகிறது. (வேடிக்கை என்னவென்றால், அக்காலப் பெண்கள் பழைய கடிதங்களையும் கணக்குத் தாள்களையும் உண்மையாகவே வெட்டிப் பாவித்தார்கள், உருவாமல் விட்ட தாள்களை வைத்துத்தான் பல விரிப்புகளின் காலத்தைக் கணிக்கிறார்கள்.) மொழியையா நாட்டையா சொல்கிறோம் என்று யோசித்தால் ‘இங்கிலாந்து முறை’ என்று வந்திருக்கும்.

யோசிக்க யாருக்கு நேரம்? 1930களில் சென்னையில் கூடிய கலைச்சொல்லாக்கக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள். அவர் ஊரைச் சுற்றியுள்ள நாம் இன்று மொழிபெயர்ப்பு இயந்திரம் துப்பியதை அப்படியே அச்சடித்து ஒட்டுகிறோம். ‘ஓர் அங்குல அறுகோணம்’ என்பதை ஒரு காணொளித் தமிழ் ‘ஓர் அங்குல அகலமான அறுகோணம்’ ஆக்கியிருந்தது. இந்தத் தையலில் அளவு சொல்வது பக்க நீளத்தை. முனைக்கு முனை அளந்தால் 2 அங்குலம். அந்தத் தமிழை நம்பி வெட்டுகிறவருக்குப் நீளத்திலும் அகலத்திலும் பாதியான போர்வைதான் கிடைக்கும்.

இன்னொரு முறையும் இருக்கிறது. தாளில் கோடு அச்சடித்து, துணியைத் தாளோடு சேர்த்துக் கோட்டின்மேலேயே மெசினில் தைத்து, கடைசியில் தாளைக் கிழித்தெறிவது. இரண்டையும் ஒரே பெயரில் எழுதுகிறார்கள். அதில் தாள் அச்சல்ல, மறுபடி பாவிக்கவும் முடியாது. அதைத் ‘தாள்மேல் தையல்’ என்று எழுதினால் குழப்பம் வராது.