வேட்பாளருக்கு உடம்பு சரியில்லை என்றால் சட்டம் என்ன சொல்கிறது?

தேர்தல் நெருங்கினால் பெங்களூரில் எங்கள் அல்சூர் பக்கம் டீக்கடையிலும் சரி, தண்ணீர் லாரிக்காகக் குடத்தோடு காத்திருக்கும் இடத்திலும் சரி, இந்தக் கேள்வி கட்டாயம் வரும். "அவருக்கு பைபாஸ் பண்ணியிருக்காங்களாமே, அஞ்சு வருஷம் ஓடுவாரா? இவருக்குப் போட்டு ஓட்டை வீணாக்கணுமா?" கேட்பவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை கையில் கிடைக்கும் ஒரே ஓட்டு, அது பாதியில் அந்தரத்தில் நின்றுவிடக் கூடாது என்ற பயம்தான். அதனால் வேட்பாளரின் உடல்நிலை பற்றிச் சட்டம் என்ன கேட்கிறது, எதைக் கேட்பதில்லை, நாம் எதைக் கேட்கலாம் என்று எனக்குத் தெரிந்ததை எழுதி வைக்கிறேன்.

முதலில் நேரடியான பதில். எம்.எல்.ஏ., எம்.பி. தேர்தலில் நிற்க மருத்துவச் சான்றிதழ் எதுவும் தேவையில்லை. இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும், 25 வயது ஆகியிருக்க வேண்டும், வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும், அரசியல் சட்டத்தின் மீது உறுதிமொழி எடுக்க வேண்டும். உச்ச வயது வரம்பு கிடையாது. உடம்பு, மனசு சம்பந்தமாக அரசியல் சட்டம் சொல்வது ஒரே ஒரு தடைதான், 102-வது பிரிவும் 191-வது பிரிவும்: சித்த சுவாதீனம் இல்லாதவர் என்று தகுதியுள்ள நீதிமன்றம் அறிவித்திருந்தால் அவர் உறுப்பினராக இருக்க முடியாது. நீதிமன்றம் சொல்லியிருக்க வேண்டும், எதிர்க்கட்சி மேடையில் சொன்னால் செல்லாது. சர்க்கரை, இதயம், சிறுநீரகம், புற்றுநோய் எதுவும் தகுதி நீக்கத்தில் வராது.

சரி, வேட்பாளர் கொடுக்கும் பிரமாணப் பத்திரத்தில் இருக்குமா என்றால் அதிலும் இருக்காது. படிவம் 26 என்பார்கள். 2002-லும் 2003-லும் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்புகளால் நமக்குக் கிடைத்தது அது. குற்ற வழக்குகள், தன் பெயரிலும் குடும்பத்தார் பெயரிலும் உள்ள சொத்து, கடன், ஐந்து வருட வருமான வரிக் கணக்கு, படிப்பு எல்லாம் அதில் வரும். எல்.ஐ.சி. பாலிசி வரைக்கும் எழுதியாக வேண்டும். எந்தக் கட்டத்தையும் காலியாக விட முடியாது. தேர்தல் அதிகாரி சொல்லியும் நிரப்பாமல் விட்டால் மனுவைத் தள்ளலாம் என்று 2013-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பொய் எழுதினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். இவ்வளவு கேட்கும் அந்தப் படிவத்தில் உடல்நிலைக்கு ஒரு கட்டம் கூட இல்லை.

இது குறையா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. தனி மனிதரின் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-ல் ஒன்பது நீதிபதிகள் சேர்ந்து தீர்ப்பு கொடுத்தார்கள். அந்த வழக்கைப் போட்ட புட்டசாமி எங்கள் ஊர்க்காரர், கர்நாடக உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர். அப்புறம் 2024 ஏப்ரலில் அருணாசலப் பிரதேச எம்.எல்.ஏ. ஒருவரின் வழக்கில், தேர்தலில் நிற்பதற்குச் சம்பந்தமில்லாத விஷயங்களில் வேட்பாளருக்கும் அந்தரங்க உரிமை உண்டு, ஒவ்வொன்றையும் தெரிந்துகொள்ளும் உரிமை வாக்காளருக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆகவே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் போய் "அவருடைய மெடிக்கல் ரிப்போர்ட் கொடுங்கள்" என்று கேட்டாலும், அது தனிப்பட்ட தகவல் என்று மறுத்துவிடுவார்கள்.

ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர் வேட்புமனு போட முடியுமா என்று என் தம்பி ஒரு தடவை கேட்டான். முடியும். வேட்பாளர் நேரில் வர வேண்டும் என்று கட்டாயம் இல்லை, முன்மொழிபவர் கொண்டுபோய்க் கொடுத்தாலும் போதும். உறுதிமொழியைப் படுக்கையிலிருந்தே எடுக்கலாம். ஆஸ்பத்திரியின் மருத்துவக் கண்காணிப்பாளரோ, சிகிச்சை கொடுக்கும் டாக்டரோ அதைச் செய்து வைக்க அதிகாரம் உள்ளவர்கள். வெளிநாட்டில் இருந்தால் நம் நாட்டுத் தூதரக அதிகாரி முன்னால் எடுக்கலாம். 1984-ல் எம்.ஜி.ஆர். நியூயார்க் புரூக்ளினில் ஆஸ்பத்திரியில் இருந்தார். ஒரு நாள் கூடப் பிரச்சாரத்துக்கு வராமல் ஆண்டிப்பட்டியில் ஜெயித்தார் என்பது நம் வீட்டுப் பெரியவர்களுக்கெல்லாம் நினைவிருக்கும். கையெழுத்து விஷயத்தில் மட்டும் சிக்கல் வரலாம். 2016 நவம்பரில் திருப்பரங்குன்றம் இடைத்தேர்தலில், ஆஸ்பத்திரியில் இருந்த ஜெயலலிதாவின் கைநாட்டோடு, இவர்தான் எங்கள் வேட்பாளர் என்று கட்சி கொடுக்கும் படிவங்கள் கொடுக்கப்பட்டன. அதை எதிர்த்துப் போட்ட வழக்கில், அங்கே ஜெயித்தவரின் வெற்றி செல்லாது என்று 2019 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இப்போது பெங்களூர்க்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த கதைக்கு வருகிறேன். 2018 சட்டமன்றத் தேர்தல், மே 12 ஓட்டுப் பதிவு. ஜெயநகர்த் தொகுதியில் பா.ஜ.க. வேட்பாளர் பி.என். விஜயகுமார், அந்தத் தொகுதியின் எம்.எல்.ஏ.வாகவும் இருந்தவர், பிரச்சாரத்தில் இருந்தபோது நெஞ்சுவலி வந்து விழுந்தார். மே 4 அதிகாலையில் ஜெயதேவா ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார். ஓட்டுக்கு எட்டு நாள்தான் இருந்தது. என் சித்தி அந்தத் தொகுதியில்தான் இருக்கிறாள். பூத் சிலிப்பை சாமி படத்துக்குக் கீழே செருகி வைத்திருந்தாள், ஊரெல்லாம் விரலில் மையோடு வந்தபோது அவள் தெரு மட்டும் சும்மா இருந்தது. "நமக்கு எலெக்ஷனே கேன்சல் ஆயிடுச்சா?" என்று போனில் கேட்டாள்.

கேன்சல் இல்லை, தள்ளிவைப்பு. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951-ன் 52-வது பிரிவு இதற்காகத்தான் இருக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட கட்சி, அதாவது தேசியக் கட்சி அல்லது மாநிலக் கட்சி என்ற அந்தஸ்து உள்ள கட்சியின் வேட்பாளர், வேட்புமனு கடைசி நாளுக்கும் ஓட்டுப் பதிவு தொடங்குவதற்கும் நடுவில் இறந்துபோனால், அந்தத் தொகுதியில் மட்டும் ஓட்டுப் பதிவை நிறுத்திவைப்பார்கள். அந்தக் கட்சி வேறு ஒருவரை நிறுத்த ஏழு நாள் அவகாசம் உண்டு. ஏற்கெனவே களத்தில் இருக்கும் மற்றவர்கள் திரும்ப மனு போட வேண்டாம். சுயேச்சை இறந்தால் இது பொருந்தாது, ஓட்டுப் பதிவு குறித்த நாளில் நடக்கும். (நல்ல செல்வாக்குள்ள சுயேச்சையாக இருந்தால் அவருக்குப் போட நினைத்தவர்கள் என்ன செய்வது என்ற கேள்வி எனக்கு இன்னும் இருக்கிறது.) ஜெயநகரில் விஜயகுமாரின் தம்பி பிரகலாத் நின்றார். ஜூன் 11 திங்கட்கிழமை ஓட்டு நடந்து காங்கிரசின் சௌம்யா ரெட்டி ஜெயித்தார். சித்தி அதே சிலிப்போடு கிளம்பினாள், தேதி மாறியிருக்கிறதே என்று வழியெல்லாம் அவளுக்குச் சந்தேகம். பட்டியலில் பெயரும் அடையாள அட்டையும் இருந்தால் போதும், பிரச்சினையில்லாமல் ஓட்டுப் போட்டுவிட்டு வந்தாள்.

ஓட்டுப் பதிவு முடிந்து, எண்ணுவதற்கு முன்னால் இறந்தால்? அப்போது எதுவும் நிற்காது, எண்ணிவிடுவார்கள். இறந்தவர் ஜெயித்திருந்தால் இடைத்தேர்தல். 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் காங்கிரஸ் வேட்பாளர் மாதவராவ் கொரோனாவில் படுத்துவிட, மகள்தான் அவருக்காக ஓட்டுக் கேட்டார். ஏப்ரல் 6 ஓட்டுப் பதிவு, 11-ம் தேதி அவர் இறந்தார், மே 2-ல் எண்ணியபோது அவர் தோற்றிருந்தார். அதனால் இடைத்தேர்தல் வரவில்லை.

ஜெயித்த பிறகு படுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் டீக்கடைக் கேள்வியின் உண்மையான உள்ளடக்கம். சபையின் அனுமதி இல்லாமல் 60 நாள் எல்லாக் கூட்டத்துக்கும் வராமல் இருந்தால், அந்த இடம் காலி என்று சபை அறிவிக்கலாம். "அறிவிக்கலாம்" என்பதைக் கவனியுங்கள், தானாகப் போய்விடாது. உடம்பு சரியில்லை என்று விடுப்பு கேட்டால் சபை அனுமதி கொடுக்கும். அந்த 60 நாளும் நம் காலண்டர் நாள் கிடையாது, கூட்டத்தொடர் முடிந்திருக்கும் காலமும், தொடர்ந்து நாலு நாளுக்கு மேல் சபை ஒத்திவைக்கப்பட்ட நாட்களும் கணக்கில் வராது. எனவே நடைமுறையில் இதனால் பதவி போவது அரிது.

உறுப்பினர் இறந்தால் ஆறு மாதத்துக்குள் இடைத்தேர்தல் நடத்த வேண்டும். ஆனால் பதவிக்காலம் ஒரு வருடத்துக்கும் குறைவாகத்தான் மிச்சம் இருக்கிறது என்றால் நடத்த வேண்டியதில்லை. தெற்கு பெங்களூர் எம்.பி.யாக ஆறு தடவை ஜெயித்து மத்திய அமைச்சராக இருந்த அனந்தகுமார் 2018 நவம்பர் 12-ல் புற்றுநோயால் இறந்தார். அடுத்த பொதுத்தேர்தல் 2019-ல் வர இருந்ததால் இடைத்தேர்தல் இல்லை. தெற்கு பெங்களூருக்கு அதுவரைக்கும், சுமார் ஆறு மாதம், எம்.பி. இல்லை. பயப்படுபவர்கள் பயப்படுவது இதற்குத்தான் என்றால் அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது.

ஆனாலும் உடம்பைப் பார்த்து ஓட்டுப் போடும் பழக்கம் எனக்கு ஒப்பவில்லை. 2009 ஆகஸ்டில் அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலையைத் திறக்க வந்த கலைஞருக்கு அப்போது எண்பத்தைந்து வயது, முதுகில் அறுவை சிகிச்சை முடிந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. பதினெட்டு வருடம் கோணியில் மூடிக் கிடந்த சிலை அது. அதன் பிறகும் திருவாரூரில் 2011-லும் 2016-லும் ஜெயித்தார். நடக்க முடியாதவர் வேலை செய்ய மாட்டார் என்றோ, தினம் ஜிம்முக்குப் போகிறவர் சட்டமன்றத்துக்கும் போவார் என்றோ எந்தக் கணக்கும் இல்லை. நாம் கேட்க வேண்டியது போன தடவை வேலைக்கு வந்தாரா, வாய் திறந்தாரா என்பதை. அது ரகசியம் இல்லை. மக்களவையில் எத்தனை நாள் வந்தார், எத்தனை கேள்வி கேட்டார், எந்த விவாதத்தில் பேசினார் எல்லாம் பி.ஆர்.எஸ். என்ற அமைப்பின் இணையதளத்தில் பெயர் போட்டாலே வரும். (அமைச்சர்கள் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவதில்லை, அவர்களுக்கு அந்தக் கணக்கு இருக்காது.) எம்.எல்.ஏ. என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் சட்டமன்றச் செயலகத்துக்கு எழுதிக் கேட்கலாம்.

வாக்காளர்களிடம் கேட்டால் அவர்களும் வேட்பாளர் உடம்பைச் சொல்வதில்லை. தேர்தல் சீர்திருத்தத்துக்காக வேலை செய்யும் ஏ.டி.ஆர். அமைப்பு 2018-ல் நாடு முழுக்க எடுத்த கருத்துக்கணிப்பில் முதல் இடம் வேலைவாய்ப்பு, 46.80 சதவீதம். இரண்டாவது நல்ல ஆஸ்பத்திரி வசதி, 34.60. மூன்றாவது குடிநீர், 30.50. 2024 கோடையில் போர்வெல் எல்லாம் வற்றி, லாரித் தண்ணீருக்கு விலை ஏறி நாங்கள் பட்ட பாட்டுக்கு, குடிநீரை மூன்றாவது இடத்தில் வைக்க என் தெருவில் யாருக்கும் மனசு வராது. அந்த 2024 தேர்தலில் ஒடிசாவில் முதல்வராக இருந்த நவீன் பட்நாயக்கின் உடல்நிலை மேடைப் பேச்சாகி, அதை விசாரிக்கக் குழு போடுவோம் என்று பிரதமரே பேசினார், தான் நன்றாக இருப்பதாக அவர் பதில் சொல்ல வேண்டி வந்தது. அந்த மாதிரி நாட்களில் பஞ்சாயத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் இருக்கிறாரா என்ற பேச்சு காணாமல் போய்விடுகிறது, அதுதான் எனக்கு வருத்தம்.

கடைசியாக, நம் உடம்பு. வேட்பாளர் படுக்கையிலிருந்து மனு போடலாம் என்றால் வாக்காளர் படுக்கையிலிருந்து ஓட்டுப் போடலாமா? போடலாம், ஆனால் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். படிவம் 12டி. தேர்தல் அறிவிக்கை வந்த ஐந்து நாளுக்குள் தர வேண்டும், வாக்குச்சாவடி நிலை அலுவலரான பி.எல்.ஓ. வீட்டுக்கே கொண்டு வருவார். 40 சதவீதத்துக்குக் குறையாத மாற்றுத்திறன் சான்றிதழ் உள்ளவர்கள் எந்த வயதிலும் கேட்கலாம். முதியவர்களுக்கு 2023 கர்நாடகத் தேர்தலில் 80 வயது என்று இருந்தது, 2024 மார்ச்சில் அதை 85 ஆக்கிவிட்டார்கள்.

எங்கள் பாட்டிக்கு 2023-ல் 82. ஓட்டுப் பதிவுக்குச் சில நாள் முன்பே அதிகாரிகளும் ஒரு வீடியோகாரரும் வந்தார்கள். சாப்பாட்டு மேஜையில் அட்டையால் மறைப்பு வைத்து, எங்களையெல்லாம் அந்தப் பக்கம் போகச் சொல்லிவிட்டார்கள். பாட்டி பேனாவால் குறியிட்டு, மடித்து, உறைக்குள் போட்டு, கோந்து தடவி அவளே ஒட்டினாள். "பீப் சத்தம் வரலையே, விழுந்துடுச்சா?" என்று இரண்டு தடவை கேட்டாள். 2024-ல் அவளுக்கு 83, புது விதிப்படி வீட்டு ஓட்டு இல்லை. ஏப்ரல் 26 வெயிலில் ஆட்டோவில் பூத்துக்குக் கூட்டிப் போனோம், அங்கே சக்கர நாற்காலி இருந்தது, வரிசையில் நிற்க வைக்காமல் உள்ளே விட்டார்கள். பார்வை இல்லாதவர், தள்ளாதவர் என்றால் துணைக்கு 18 வயது நிரம்பிய ஒருவரை உள்ளே அழைத்துப் போகலாம், ஒருவர் ஒரு நாளில் ஒருவருக்குத்தான் துணை போக முடியும். 12டி கொடுத்து ஏற்றுக்கொண்டுவிட்டால் அப்புறம் பூத்தில் போட முடியாது, பட்டியலில் அவர்கள் பெயருக்கு நேரே தபால் ஓட்டு என்று குறித்துவிடுவார்கள். வீட்டுக்கு வரும் அன்று ஆள் இல்லையென்றால் இரண்டாவது தடவை வருவார்கள், அதற்கு மேல் வர மாட்டார்கள். அதனால் அந்த நாளில் பெரியவர்களை டாக்டரிடம் கூட்டிப் போகும் வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள்.