மழையே இல்லாத நாளில் கூரை ஏன் சொட்டுகிறது?

கனடாவில், டொராண்டோவின் ஸ்கார்பரோவில் இருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: “மார்ச் மாதத்தில், நல்ல வெயில் அடிக்கிற நாளில், மாடி அறையின் சீலிங்கில் ஈரம் ஊறுகிறது. போன வருடம்தான் கூரைமேல் வேய்ந்த ஷிங்கிள் தகடுகள் முழுவதும் மாற்றினோம். இந்த வருடமும் அதே இடம், அதே கறை. தண்ணீர் எங்கிருந்து வருகிறது?”

மழையில்லாத நாளில் சொட்டுகிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. அந்தத் தண்ணீர் பெரும்பாலும் வானத்திலிருந்து வந்ததல்ல. உங்கள் சமையலறையிலிருந்தும் குளியலறையிலிருந்தும் மேலே ஏறியது. பிட்டு அவித்த ஆவி, குளித்த ஆவி, பேஸ்மென்டில் காயப்போட்ட துணியின் ஈரம், நீங்கள் விட்ட மூச்சு, எல்லாம்தான்.

20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 17 கிராம் நீராவியைத் தாங்கும். மைனஸ் 20-ல் 1 கிராம்தான். வீட்டில் ஈரப்பதம் 40 சதவீதம் என்றால் அந்தக் காற்றில் 7 கிராம் இருக்கும். அது அட்டிக்கில், அதாவது சீலிங்குக்கும் கூரைக்கும் நடுவில் உள்ள வெற்றிடத்தில், குளிர்ந்த கூரைப் பலகையைத் தொட்டதும் ஏறக்குறைய 6 கிராமை அங்கேயே இறக்கிவைத்துவிடும்.

சரி, சீலிங்கைத் தாண்டி அது எப்படி மேலே போகிறது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். குளிர்காலத்தில் உங்கள் வீடே ஒரு புகைபோக்கி. உள்ளே இருக்கும் காற்று வெளிக்காற்றைவிட லேசானது. அதனால் அது மேலே அழுத்துகிறது, கீழே பேஸ்மென்டின் இடுக்குகள் வழியே குளிர்காற்று நுழைகிறது. வெளியே மைனஸ் 20 என்றால், இரண்டு மாடி வீட்டின் மேல் சீலிங்கில் அந்த அழுத்தம் 5 பாஸ்கல் அளவுக்கு இருக்கும். அரை மில்லிமீட்டர் உயரத் தண்ணீரின் எடைதான் அது! கையில் பட்டால் உணரக்கூட மாட்டீர்கள். ஆனால் இரவும் பகலும், மாதக்கணக்கில், விளக்கைச் சுற்றியுள்ள இடுக்கு, ஒயர் போகும் துளை, அட்டிக் கதவின் ஓரம் என்று ஒவ்வொன்றின் வழியாகவும் அது ஈரக்காற்றைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது.

மேலே போன ஈரம், ஷிங்கிளைப் பிடித்தபடி பலகையைத் துளைத்து உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் ஆணி முனைகளில்தான் முதலில் பனியாகப் படியும். இரும்பு மரத்தைவிட நூற்றுக்கணக்கான மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்துவதால், வெளிக்குளிர் ஆணி வழியாகத்தான் முதலில் உள்ளே வருகிறது. ஜனவரியில் டார்ச் அடித்துப் பார்த்தால் கூரைப் பலகை முழுக்க வெள்ளைப் பூ பூத்த மாதிரி ஆணிகள் நிற்கும். அவ்வளவு அழகு! உறைந்திருக்கும்வரை ஒரு சொட்டும் விழாது. வெயில் வந்து கூரை சூடானதும், இரண்டு மாதச் சேமிப்பு ஒரே நாளில் உருகுகிறது. பழி மட்டும் ஷிங்கிளுக்கு.

குளிரைத் தடுக்க அட்டிக் தரையில் விரித்திருக்கும் இன்சுலேஷனைப் புரட்டிப் பாருங்கள். கண்ணாடி இழையில் கறுப்புத் திட்டு தெரிந்தால் பெரும்பாலும் அதன் அடியில் ஒரு இடுக்கு இருக்கும். கசியும் காற்றின் தூசியை அது வடிகட்டி வைத்திருக்கிறது. ஒரு எச்சரிக்கை: வீடு 1990-க்கு முந்தையதாக இருந்து, வெர்மிகுலைட் என்ற, கூழாங்கல் போன்ற பழைய வகை இன்சுலேஷன் கிடந்தால் தொடவே வேண்டாம். அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம்.

முதல் வேலை, இடுக்குகளை அடைப்பது. பாத்ரூம் ஃபேனின் குழாய் அட்டிக்குள்ளேயே முடிகிறதா என்றும் பாருங்கள். அது கூரையைத் தாண்டி வெளியே போக வேண்டும். இடுக்கை அடைக்காமல் இன்சுலேஷனை மட்டும் கூட்டினால் அட்டிக் இன்னும் குளிர்ந்து பனி அதிகமாகும். கூரையில் மின்விசிறி வைத்தாலோ, அது வீட்டுக் காற்றையே இன்னும் இழுக்கும். அடைத்த பிறகுதான், அட்டிக்குக் காற்று வரும் சோஃபிட் (கூரை விளிம்பின் அடிப்பக்கம்) துவாரங்கள் திறந்திருக்கின்றனவா என்ற கேள்வி.

கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றம் 1947-ல் கட்டட ஆராய்ச்சிக்கென்றே ஒரு பிரிவைத் தொடங்கியது. 1960-ல் அது தொடங்கிய ‘கனேடியன் பில்டிங் டைஜெஸ்ட்’ என்ற சிறு வெளியீட்டு வரிசையின் முதல் இதழே கட்டடங்களின் ஈரப்பதம் பற்றியதுதான். ராக்கெட் விடும் ஆராய்ச்சிக்குக் கிடைக்கும் கைத்தட்டல் இதற்குக் கிடைப்பதில்லை. ஆனால் வரிப்பணம் இதைவிட நல்ல வழியில் செலவாகும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அடைத்து முடித்ததும், அடுத்த ஜனவரியில் கடுங்குளிரான ஒரு காலையில் மறுபடி டார்ச்சோடு ஏறுங்கள். ஆணி முனைகள் வெறும் இரும்பாகத் தெரிந்தால் சீலிங்குக்குப் பெயின்ட் அடிக்கலாம்.