மூன்றாம் வகுப்பின் கடைசி வரிசை

வட்டார வள மையத்தில் ஆசிரியர் பயிற்றுநராக இருப்பவர்களுக்குப் பள்ளிகளைப் பார்வையிடுவதுதான் பெரும்பாலான நாட்களில் வேலை. ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்றுக்குள் நுழைந்தால் முதலில் காட்டப்படுவது புது வண்ணப்பூச்சு, ஸ்மார்ட் வகுப்பறைத் திரை, வெளிச்சுவரில் வரைந்த ரயில் பெட்டி. எல்லாம் அழகாகத்தான் இருக்கும். நான் பார்க்க விரும்புவது மூன்றாம் வகுப்பின் கடைசி வரிசையை.

அங்கே ஒரு பிள்ளையிடம் தமிழ்ப் புத்தகத்தைக் கொடுத்தால் கணீரென்று வாசிக்கும். உற்றுப் பார்த்தால் விரல் ஒரு வரியிலும் வாய் அடுத்த வரியிலும் இருக்கும். பாடம் மனப்பாடம். நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு ‘இது என்ன?’ என்று கேட்டால் விழிக்கும். சில கெட்டிக்காரப் பிள்ளைகள் முதல் வரியிலிருந்து மனதுக்குள் ஒப்பித்துக்கொண்டே வந்து அந்தச் சொல்லைப் பிடித்துவிடுவார்கள். அந்தச் சாமர்த்தியத்தை ரசிக்காமல் இருக்க முடியாது. நோட்டைப் புரட்டினால் கரும்பலகையில் இருந்தது முத்து முத்தாக எழுதப்பட்டிருக்கும், பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மை கையொப்பத்துடன். எழுதிய பிள்ளைக்கு அதை வாசிக்கத் தெரியாது.

தடுக்குவது பெரும்பாலும் உயிர்மெய்யில். ‘க’ தெரியும். ‘கொக்கு’ என்று எழுதிக் காட்டினால் ‘கெரக்கு’ என்று வாசிக்கும். துணைக்காலை ‘ர’ என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. இதைச் சரிசெய்யப் புதுத் திட்டம் எதுவும் வேண்டாம். தினமும் சிறிது நேரம் அந்தப் பிள்ளையின் பக்கத்தில் உட்கார ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

ஆள்தான் இல்லை. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். வகுப்புகளோ ஐந்து. தலைமையாசிரியரைத் தனியாகக் கணக்கிடுவது 150 பிள்ளைகளைத் தாண்டிய பிறகுதான். ஆகவே ஈராசிரியர் பள்ளியில் தலைமையாசிரியரும் இரண்டு, மூன்று வகுப்புகளைக் கையில் வைத்துக்கொண்டுதான் எமிஸ் (பள்ளி, மாணவர் விவரங்களை ஏற்றும் அரசு இணையதளம்) பதிவு, காலை உணவு, சத்துணவுக் கணக்கு எல்லாவற்றையும் பார்க்கிறார். ஒருவர் பயிற்சிக்குப் போய்விட்டால் ஐந்து வகுப்பும் மற்றவர் தலையில். அந்தப் பயிற்சியை நடத்துவது எங்கள் மையம்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

2022இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் இந்த நிலைமைக்குப் பொருத்தமானது என்பது என் கருத்து. வகுப்பைப் பார்க்காமல் பிள்ளையின் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துக் கற்பிக்கச் சொல்கிறது. ஜூனில் அரும்பில் உட்கார்ந்த பிள்ளை ஏப்ரலிலும் அரும்பிலேயே இருந்தால்தான் சிக்கல். தன் பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்த பெற்றோரை நான் அதிகம் சந்தித்ததில்லை.

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்பது சட்டம். தீர்மானப் புத்தகத்தைப் புரட்டினால் சுற்றுச்சுவர், மின்விசிறி, கழிப்பறைக்குத் தண்ணீர். தண்ணீர் இல்லாத கழிப்பறையால் வீட்டுக்கு ஓடும் பிள்ளைகள் உண்டு, ஆகவே அந்தத் தீர்மானங்கள் தேவையானவைதான். ஆனால் வாசிப்பு பற்றி ஒரு வரிகூட இருக்காது. பிள்ளையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் ஆகியவற்றைப் பெற்றோரைக் கூட்டித் தெரிவிப்பது ஆசிரியரின் கடமை என்று அதே சட்டத்தின் 24ஆம் பிரிவு சொல்கிறது. ‘என் பிள்ளை அரும்பா, மொட்டா? போன மாதம் எங்கே இருந்தது?’ என்று ஒரு அம்மா கேட்டால் அது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது.

‘எங்களுக்கே எழுத்து தெரியாதே, எப்படிச் சோதிப்பது?’ என்று சில அம்மாக்கள் கேட்பார்கள். பாடப்புத்தகத்தை விட்டுவிடுங்கள். பழைய செய்தித்தாளில் ஒரு வரிக்கு அடிக்கோடு போட்டு வாசிக்கச் சொல்லுங்கள். நான்கு நாள் கழித்து அதே வரியைத் திரும்பக் கேளுங்கள். ஊகித்து ஒப்பேற்றும் பிள்ளை வேறு ஏதாவது சொல்லும்.

மூன்றாம் வகுப்பில் பிள்ளைக்கு வாசிக்கத் தெரியவில்லை என்பது தெரியவந்ததும் பலர் பிள்ளையைத் தனியார் பள்ளி வேனில் ஏற்றிவிடுகிறார்கள். அவரவர் கஷ்டம் அவரவருக்கு, குறை சொல்ல மாட்டேன். ஆனால் இங்கே, அரசுப் பள்ளியில், ஆசிரியர் பணியிடம் ஆகஸ்ட் 1 அன்று பதிவேட்டில் உள்ள எண்ணிக்கையை வைத்து நிர்ணயிக்கப்படுகிறது. 58 பிள்ளைகள் உள்ள பள்ளியில் இன்னும் மூன்று பேர் சேர்ந்தால் 61. அப்போது சட்டப்படி மூன்றாவது ஆசிரியரைக் கேட்கலாம். கேட்டவுடன் வந்துவிடுவார் என்று சொல்லவில்லை. ஆனால் ஜூலைக் கூட்டத்திலேயே தீர்மானம் போட்டு வட்டாரக் கல்வி அலுவலருக்கு அனுப்பிய ஊர், செப்டம்பரில் புலம்பும் ஊரைவிட ஒரு படி முன்னால் நிற்கும்.