கேட்ச் பிடித்த விரலைப் பிடித்து இழுக்காதீர்கள்

சொந்த மைதானத்தில் எதிரணியைச் சொற்ப ஓட்டங்களுக்குச் சுருட்டிவிட்டு, எட்டு விக்கெட் கையில் வைத்து ஜெயிக்கிறது ஒரு கிராம அணி. ஸ்கோர் புத்தகத்தில் கேட்ச்சுகள் வரிசையாக ஏறியிருக்கும். அதில் ஒன்று விரல் நுனியில் குத்திவிட்டுத்தான் கைக்குள் விழுந்தது என்பது மட்டும் எங்கும் ஏறாது. பிடித்தவர் கையை உதறுகிறார். பக்கத்தில் நின்றவர் அந்த விரலைப் பற்றி வெடுக்கென்று ஓர் இழுப்பு இழுக்கிறார். மேலே ஒரு சுற்று டேப், அவ்வளவுதான், அடுத்த பந்து. ஏழு வாரம் கழித்து, நுனி தொங்கிப்போன நடுவிரலோடு வந்து உட்கார்ந்து, “வலியெல்லாம் ஒண்ணும் இல்லைங்க, இது மட்டும் நிமிர மாட்டேங்குது” என்கிறார்.

கை சிகிச்சைப் பிரிவில் வேலை செய்கிற எவருக்கும் இந்த வசனம் மனப்பாடம். தோற்ற அணியில் அடிபட்டவராவது வீட்டுக்குப் போய் விரலைத் திருப்பிப் பார்ப்பார். பெரிதாக ஜெயித்த அணியில் அன்றைக்கு யாருக்கும் எதுவும் வலிப்பதில்லை.

முதலில் இந்த இழுக்கிற பழக்கத்தைப் பேசிவிடலாம். பந்து குத்திய விரல் ‘உள்ளே போய்விட்டது’, இழுத்தால் ‘வெளியே வந்துவிடும்’ என்ற நம்பிக்கை அணிக்கு அணி உயிரோடு இருக்கிறது. விரல் எங்கேயும் உள்ளே போகாது. 156 முதல் 163 கிராம் எடையுள்ள பந்து நீட்டிய விரல் நுனியில் நேராக மோதும்போது பெரும்பாலும் மூன்றில் ஒன்று நடக்கும்: ஒன்று, நுனியை நிமிர்த்தும் தசைநாண் அறுந்துபோகும் அல்லது தான் ஒட்டியிருந்த எலும்புத் துணுக்கோடு பிய்ந்து வரும்; இரண்டு, விரல் எலும்பு முறியும்; மூன்று, நடு மூட்டு விலகும்.

முதலாவதில் இழுத்துச் சரிசெய்ய ஒன்றுமே இல்லை. தொங்கும் நுனியை மறு கையால் தூக்கினால் அது சுலபமாக நேராகிவிடும், ஏனென்றால் மூட்டு விலகவில்லை, அதை நிமிர்த்திப் பிடித்திருந்த நாண்தான் போய்விட்டது. இழுத்தவர் “பாரு, நேராயிடுச்சு” என்கிறார். கையை விட்டதும் நுனி மறுபடி தொங்குகிறது. அதற்குள் எல்லோரும் அவரவர் ஃபீல்டிங் இடத்துக்குப் போயிருப்பார்கள். இரண்டாவதில், ஒட்டிக்கொண்டிருந்த முறிவை இழுப்பு விலக்கிவிடலாம். டேப்போடு முடிந்திருக்க வேண்டியது கம்பி போடும் அறுவை சிகிச்சை வரை போகும். மூன்றாவதில்தான் இழுப்பவர் ஹீரோ ஆகிறார். ‘டக்’ என்று சத்தம் வந்து மூட்டு உட்கார்ந்துவிடும். ஆனால் அந்த மூட்டின் உள்ளங்கைப் பக்கம் நாரால் ஆன ஒரு தடித்த தகடு இருக்கிறது. நீளவாக்கில் வெடுக்கென்று இழுத்தால் கிழிந்த தகடு மூட்டுக்குள் சிக்கிக்கொள்ள வாய்ப்பு உண்டு. சிக்கிவிட்டால் பிறகு வெளியிலிருந்து யார் இழுத்தாலும் வராது, திறந்துதான் எடுக்க வேண்டும். சரியாக உட்கார்ந்தாலும் எலும்பு முறிந்திருக்கிறதா, எந்த நார் கிழிந்திருக்கிறது என்று அந்த ‘டக்’ சொல்லாது.

இதன் உடன்பிறப்பு இன்னொன்று: “விரல் அசையுதே, அப்போ முறியலை.” முறிந்த விரலும் தாராளமாக அசையும், நாண்கள் நன்றாக இருந்தால் போதும். வலி குறைவு என்பதும் அத்தாட்சி இல்லை. நாண் மட்டும் அறுந்த விரலில் பல பேருக்கு இரண்டு நாளில் வலி அடங்கிவிடுகிறது. எக்ஸ்ரேயில் முறிவு இல்லை என்பதும் முழு விடுதலை அல்ல, நாண் எக்ஸ்ரேயில் தெரியாது. (எக்ஸ்ரே எழுதித் தருபவர்களுக்கும் ஒரு விண்ணப்பம்: முழுக் கையையும் ஒரே படமாக எடுத்து அனுப்பாதீர்கள். அடிபட்ட அந்த ஒரு விரலுக்குப் பக்கவாட்டுப் படம் வேண்டும். பிய்ந்த துணுக்கு அதில்தான் தெரியும்.)

எல்லைக்கோட்டுக்கு வெளியே வந்து ஒரு நிமிடத்தில் பார்க்கக்கூடியவை இவை. விரலின் நடு மூட்டை மறு கையால் நேராகப் பிடித்துக்கொண்டு நுனியை மட்டும் நிமிர்த்தச் சொல்லுங்கள். அதே பிடியில் நுனியை மட்டும் மடக்கச் சொல்லுங்கள். பிறகு எல்லா விரல்களையும் பாதி மடக்கி நகங்களைப் பாருங்கள். ஒரு விரல் பக்கத்து விரல் மேல் ஏறினால் உள்ளே முறிந்து திருகியிருக்கலாம். நீட்டிய விரலில் இந்தத் திருகல் கண்ணில் படவே படாது. மூன்றில் எது தவறினாலும் அவருக்கு அன்றைய ஆட்டம் முடிந்தது, அவர் நல்ல ஸ்லிப் ஃபீல்டராகவே இருந்தாலும்.

நுனி நிமிரவில்லை என்றால் அது மாலெட் ஃபிங்கர். நுனி மடங்கவில்லை என்றால் அதைவிட அவசரம்: மடக்கும் நாண் பிய்ந்து உள்ளங்கைப் பக்கம் சுருண்டு போயிருக்கலாம். ஏழு முதல் பத்து நாளுக்குள் அறுவை சிகிச்சை செய்தால் பலன் நன்றாக இருக்கும், தாமதித்தால் நாணை அதன் பழைய இடத்துக்குக் கொண்டுவருவதே சிரமமாகிவிடும். “அடுத்த மேட்ச் முடியட்டும், பார்த்துக்கலாம்” என்பதற்கு இதில் இடமே இல்லை.

மாலெட் ஃபிங்கருக்குப் பெரும்பாலும் கத்தி வேண்டாம். மூட்டுப் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பிய்ந்திருந்தாலோ, மூட்டே நழுவியிருந்தாலோதான் அறுவை சிகிச்சை பற்றிய பேச்சு வரும். மற்றவர்களுக்கு நுனி மூட்டை நேராக நிறுத்தும் சின்ன ஸ்பிளிண்ட் போதும். நடு மூட்டு அதில் சிக்கக் கூடாது, அது மடங்கி நீள வேண்டும். ஆறு முதல் எட்டு வாரம், இரவும் பகலும். ‘பெரும்பாலும் போட்டிருந்தேன்’ என்பது இதில் செல்லாது. ஐந்தாவது வாரம் ஒரே ஒரு முறை நுனி தொங்கினாலும் கணக்கு முதல் நாளிலிருந்து மறுபடி தொடங்கும். குளிக்கக் கழற்றினேன், பேட் பிடிக்கக் கழற்றினேன் என்று வருபவர்களிடம் இதைச் சொல்லும்போது முகம் வாடிப் போகிறது. நாணுக்கு அதெல்லாம் தெரியாது.

சுத்தம் செய்ய ஸ்பிளிண்டைக் கழற்றத்தான் வேண்டும், இல்லாவிட்டால் தோல் ஊறி வெளுத்துப் புண்ணாகும். முறை இதுதான்: உள்ளங்கை கீழே பார்க்க விரலை மேசை மேல் தட்டையாக வையுங்கள். நுனி மேசையை விட்டு எழாமல் ஸ்பிளிண்டை முன்பக்கமாக உருவுங்கள். விரல் மேசையிலேயே இருக்க, ஈரத் துணியால் துடைத்து, முழுதாகக் காயவிட்டு, மறுபடி அதே மாதிரி மாட்டுங்கள். முதல் சில முறை வீட்டில் ஒருவர் நுனியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டால் நல்லது. மாட்டிய பிறகு மூட்டின் மேல்தோல் வெளிறினால் நுனி அளவுக்கு மீறிப் பின்னால் வளைந்திருக்கிறது, ரத்தம் போகவில்லை, உடனே சரிசெய்யுங்கள். எட்டு வாரத்துக்குப் பிறகு இன்னும் சில வாரம் தூங்கும்போது மட்டும். இரண்டு மூன்று மாதம் தாமதித்து வந்தவர்களுக்கும் ஸ்பிளிண்ட் பலன் தருவது உண்டு, அதனால் “இனிமே என்ன” என்று விட்டுவிட வேண்டாம். விட்டால் நடு மூட்டு பின்பக்கமாக வளையத் தொடங்கலாம்.

நடு மூட்டில் அடிபட்டவர்களுக்குச் சிக்கல் நேர்மாறு. பயந்துபோய் நேராகக் கட்டி மாதக்கணக்கில் வைத்திருந்து, மடங்காத விரலோடு வருவார்கள். விலகிச் சரியான மூட்டுக்குப் பொதுவாகப் பக்கத்து விரலோடு சேர்த்து டேப் போட்டுச் சீக்கிரமே அசைக்க ஆரம்பிக்க வேண்டும். விதிவிலக்கு, மேல்பக்கத்து நாண் அறுந்த விரல். அதற்கு நடு மூட்டை மட்டும் ஆறு வாரம் நேராக வைத்து, நுனியை மடக்கிக்கொண்டே இருக்க வேண்டும். இந்த நாண் அறுந்தது முதல் நாள் கோணலாகத் தெரியாது, ஒன்றிரண்டு வாரம் கழித்துத்தான் விரல் வளையும். வீங்கிய நடு மூட்டை ஒரு வாரத்துக்குள் இன்னொரு முறை காட்டச் சொல்வது இதற்காகத்தான்.

மற்றவற்றைச் சுருக்கமாகவே சொல்கிறேன். மோதிரத்தைக் கழற்றிவிட்டு இறங்குங்கள். கழலாத மோதிரத்தோடு விரல் வீங்கினால் மோதிரத்தை வெட்டித்தான் எடுக்க வேண்டும். ஐஸைத் துணியில் சுற்றி பத்துப் பதினைந்து நிமிடம் வையுங்கள், கையை நெஞ்சுக்கு மேல் தூக்கி வையுங்கள். நீவிவிடாதீர்கள். விரலிடுக்கு கிழிந்தால் ஓடும் நீரில் கழுவி, அன்றே தையலுக்குப் போங்கள். டைவ் அடித்துக் கையூன்றி விழுந்தவருக்குக் கட்டைவிரலின் அடியில் உள்ள குழியில் அழுத்தினால் வலிக்கிறதா என்று பாருங்கள். வலித்தால் முதல் எக்ஸ்ரே சுத்தமாக இருந்தாலும் பத்துப் பதினான்கு நாளில் மறுபடி எடுக்க வேண்டும். அந்தக் குழிக்குள் இருக்கும் சின்ன மணிக்கட்டு எலும்பின் முறிவு முதல் படத்தில் ஒளிந்துகொள்ளும்.

ஆள் குறைந்ததென்று அணியில் சேர்த்துக்கொள்ளும் பள்ளிச் சிறுவர்களிடம் இன்னும் கவனம் வேண்டும். நுனி தொங்கி, நக அடியில் ரத்தம் கசிந்து, நகம் தன் மடிப்பை விட்டு மேலே வந்திருந்தால் அது வெறும் மாலெட் அல்ல. எலும்பு வளரும் இடமான வளர்ச்சித் தட்டில் திறந்த முறிவாக இருக்கலாம், எலும்பில் கிருமி புகும். அன்றே மருத்துவமனை. தயவுசெய்து நகத்தை அழுத்தி டேப் சுற்றி அனுப்பாதீர்கள்.

டேப் என்றதும் ஒன்று. கிரிக்கெட் விதி 28-ன்படி கீப்பர் தவிர எந்த ஃபீல்டரும் கையுறை போட முடியாது. விரலுக்கான பாதுகாப்பும் நடுவர் சம்மதித்தால்தான். ஸ்பிளிண்டோடு ஃபீல்டிங் செய்ய நடுவர் சம்மதித்தாலும் சிகிச்சை தருபவர் சம்மதிக்க மாட்டார். ஸ்பிளிண்ட் காலம் முடிந்த பிறகும் முதல் இரண்டு வாரம் டென்னிஸ் பந்தில்தான் கேட்ச் பயிற்சி, விரல் நுனி பந்தை நோக்கிக் குத்தி நிற்காமல்: நெஞ்சுக்கு மேல் வரும் பந்துக்கு விரல்கள் மேலே, கீழே வருவதற்கு விரல்கள் கீழே, கை பந்தோடு சேர்ந்து பின்வாங்க வேண்டும். அதற்கு நடுவில் “இந்த ஞாயிறு மட்டும் ஆடட்டுமே” என்று கேப்டன்கள் போன் செய்ய வேண்டாம்.