அமெரிக்கா போகிற ட்ரக்குக்கு ஈஎல்டி: யாருக்கு விலக்கு, எதிலிருந்து விலக்கு?

"அண்ணை, என்ரை எஞ்சின் தொண்ணூற்றெட்டு. எனக்கு ஈஎல்டி தேவையில்லைத்தானே?"

கனடாவில், மிஸிஸாகாவில் ஒரு சின்ன ட்ரக் கம்பனியின் அலுவலகத்தில் லொக் பார்க்கிற வேலை எனக்கு. லொக் என்பது சாரதி எப்போது ஓட்டினார், எப்போது ஓய்வெடுத்தார் என்ற பதிவு. ஈஎல்டி என்பது அதைத் தானாக எழுதுகிற மின்னணுக் கருவி. மாதம் ஒருவராவது இந்தக் கேள்வியோடு வருவார். ஓம், தேவையில்லை என்பதுதான் பதில். அதைக் கேட்டதும் அவர் முகத்தில் வருகிற சிரிப்புத்தான் எனக்குப் பயம். விலக்குக் கிடைப்பது அந்தக் கருவியிலிருந்து மட்டும். எத்தனை மணித்தியாலம் ஓட்டலாம் என்ற கணக்கில் ஒரு நிமிடமும் குறையாது. கருவி எழுதுவதை அவர் கையால் கடதாசியில் எழுத வேண்டும், அவ்வளவுதான்.

இங்கே நான் சொல்வது அமெரிக்க மத்திய அரசின் விதி. எல்லையில் இருக்கிற வின்ஸரிலோ ஃபோர்ட் ஈரியிலோ பாலம் தாண்டினால் ஒன்ராறியோச் சாரதிக்கும் அதுதான் சட்டம்.

முதலில் மணிக்கணக்கு. சரக்கு ட்ரக் ஓட்டுபவர் தொடர்ந்து 10 மணித்தியாலம் ஓய்வெடுத்த பிறகு 11 மணித்தியாலம் ஓட்டலாம். அந்த 11ஐயும் வேலை தொடங்கியதிலிருந்து 14 மணித்தியாலத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். சரக்கு ஏற்றி இறக்குகிற டொக்கில் மூன்று மணித்தியாலம் சும்மா காத்துக் கிடந்தாலும் 14 ஓடிக்கொண்டே இருக்கும். எட்டு மணித்தியாலம் ஓட்டியதும் 30 நிமிடம் ஸ்டியரிங்கை விட வேண்டும். 7 நாளில் 60 அல்லது 8 நாளில் 70 மணித்தியாலம் வேலை செய்தால் அதற்கு மேல் ஓட்ட முடியாது. தொடர்ந்து 34 மணித்தியாலம் ஓய்வெடுத்தால் கணக்கு மறுபடி பூச்சியத்தில் தொடங்கும்.

கனடாவில் 13 மணித்தியாலம் ஓட்டலாம். இதில்தான் நம்மவர்கள் கன பேர் மாட்டுகிறார்கள். ஒட்டாவாவிலிருந்து ஒன்பது மணித்தியாலம் ஓட்டி வின்ஸருக்கு வந்தவர் 13இல் இன்னும் நாலு மிச்சம் என்று பாலத்தில் ஏறுகிறார். மறுகரையில் அவருக்கு மிச்சம் இரண்டுதான். கனடாவில் ஓட்டிய நேரத்தையும் அங்கே எண்ணுவார்கள்.

கடதாசிக் காலத்தில் இதையெல்லாம் பென்சிலும் ரப்பரும் சமாளித்தன. அமெரிக்கச் சாரதிகளே தங்கள் லொக் புத்தகத்தை "கொமிக் புக்" என்று கேலியாகச் சொல்வார்கள். 2012இல் அமெரிக்கக் காங்கிரஸ் சட்டம் போட்டு மின்னணுக் கருவியைக் கட்டாயமாக்கச் சொன்னது. 2015 டிசம்பரில் விதி வெளியானது, 2017 டிசம்பர் 18இல் அமலுக்கு வந்தது. 2018 ஏப்ரல் 1 முதல் கருவி இல்லாத ட்ரக்கைத் தெருவிலேயே நிறுத்தத் தொடங்கினார்கள். இதற்கு முன் 2010இல் வந்த ஒரு விதியை மேன்முறையீட்டு நீதிமன்றம் 2011இல் தள்ளிவிட்டது. கருவியை வைத்துக் கம்பனி சாரதியைத் துன்புறுத்தினால் என்ன செய்வது என்று அந்த விதி சரியாக யோசிக்கவில்லை என்பது காரணம். இன்றைய விதியில் சாரதிக்கு இருக்கிற சில பாதுகாப்புகள் அந்தத் தீர்ப்பால் வந்தவை.

அப்படி ஒன்றுதான் திருத்தம். உங்கள் லொக்கில் பிழை என்று நான் அலுவலகத்திலிருந்து ஒரு மாற்றத்தை அனுப்பலாம். நீங்கள் ஒத்துக்கொண்டால்தான் அது ஏறும். பழைய பதிவும் அழியாது. கருவி தானாக எழுதிய ஓட்டிய நேரத்தை நானோ நீங்களோ குறைக்க முடியாது. "ஒரு அரை மணித்தியாலத்தைத் தூக்கிவிடுங்கோ" என்று என்னிடம் கேட்டுப் பயனில்லை.

கருவி எஞ்சினோடு நேரடியாக இணைந்திருக்கும். வண்டி மணிக்கு 5 மைல் வேகத்தைத் தொட்டால் "ஓட்டுகிறார்" என்று எழுதத் தொடங்கும். நின்று ஐந்து நிமிடமானால் திரையில் கேட்கும். ஒரு நிமிடத்துக்குள் பதில் சொல்லாவிட்டால் "வேலையில், ஓட்டவில்லை" என்று தானே மாற்றிவிடும். எல்லை வரிசையில் நிற்கும்போது இதைப் பார்க்க வேண்டும்! ஐந்து நிமிடம் ஆவதற்குள் முன்னால் இருப்பவர் கொஞ்சம் நகருவார், நாமும் நகருவோம், ஓட்டும் நேரம் முடிகிற மாதிரித் தெரியாது.

சரி, விலக்குகளுக்கு வருவோம்.

அதிகம் பேருக்குப் பொருந்துவது குறுந்தூர விலக்கு. வேலைக்கு வந்த இடத்திலிருந்து 150 வான்மைலுக்குள் ஓடி, 14 மணித்தியாலத்துக்குள் அதே இடத்துக்குத் திரும்பி வேலை முடிப்பவருக்கு ஈஎல்டியும் வேண்டாம், லொக்கும் வேண்டாம். எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை மணிக்குப் போனார், மொத்தம் எவ்வளவு என்று கம்பனி எழுதி ஆறு மாதம் வைத்திருந்தால் போதும். வான்மைல் என்பது கப்பல்காரர்களின் மைல்: 150 வான்மைல் சாதாரண மைலில் கிட்டத்தட்ட 172.6, கிலோமீற்றரில் 278. தெரு வளைந்து போகிற தூரம் இல்லை. வரைபடத்தில் கவராயம் வைத்துக் கீறுகிற வட்டம். ஆனால் 11 மணித்தியால எல்லை இவருக்கும் உண்டு.

குறுந்தூரக்காரர் ஏதாவது ஒரு நாளில் திரும்பப் பிந்திவிட்டால்? அன்றைக்குக் கடதாசி லொக் எழுதலாம். 30 நாள் கணக்கில் 8 நாள்வரை அப்படி எழுதுபவருக்குக் கருவி தேவையில்லை. ஒன்பதாவது நாள் வந்தால் தேவை. இந்த எட்டை யாராவது எண்ண வேண்டும். பல சின்னக் கம்பனிகளில் யாரும் எண்ணுவதில்லை.

பழைய எஞ்சின்: 2000த்துக்கு முந்திய மொடல் எஞ்சின் என்றால் கருவி வேண்டாம். இங்கே பார்ப்பது எஞ்சினைத்தான். புது வண்டிச் சட்டகத்தில் (சேஸி) பழைய எஞ்சின் போட்டிருந்தாலும் பொருந்தும். எஞ்சினின் வயதைக் காட்டும் பத்திரம் கம்பனி அலுவலகத்தில் இருக்க வேண்டும். வண்டியில் கொண்டுபோகக் கட்டாயம் இல்லை. நான் என்றால் ஒரு பிரதி போட்டு வைப்பேன். கனடா விதியின் வாசகமோ 2000த்துக்கு முன் தயாரான வாகனம் என்கிறது. அதனால் அமெரிக்காவில் கிடைத்த விலக்கு கனடாவிலும் கிடைக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஓட்டிப்போகிற வண்டியே ஒப்படைக்க வேண்டிய சரக்கு என்றால் அதற்கும் கருவி வேண்டாம். விவசாய விளைபொருளுக்கு நடவு, அறுவடைக் காலங்களில் இன்னும் பெரிய சலுகை: ஏற்றிய இடத்திலிருந்து 150 வான்மைல் வரை மணிக்கணக்கே இல்லை. அந்த வட்டத்தைத் தாண்டியதும் கடிகாரம் ஓடத் தொடங்கும். விலக்கு கருவிக்கு மட்டும் என்று மேலே சொன்ன என் பேச்சுக்கு இது ஒரு புறநடை. இதில் கருவி மட்டுமல்ல, மணியும் விலகுகிறது.

விலக்கு என்று தவறாக நினைக்கிற இரண்டைச் சொல்ல வேண்டும். ஒன்று, சொந்தப் பாவனை. வேலை முடிந்து சாப்பிடவோ படுக்கவோ வண்டியை எடுத்தால் ஓய்வு நேரத்தில் போடலாம். சரக்கு இறக்கிய இடத்தில் மணி முடிந்துவிட்டால் பக்கத்தில் பாதுகாப்பாகத் தங்கக்கூடிய இடம் வரை போகலாம். அடுத்த லோட் இருக்கிற பக்கமாக அறுபது மைல் போய்விட்டு அது சொந்தப் பாவனை என்றால் ஏற்கமாட்டார்கள். அமெரிக்காவில் இதற்குத் தூர எல்லை எழுதப்படவில்லை. கனடாவில் ஒரு நாளைக்கு 75 கிலோமீற்றர்.

மற்றது கருவி பழுதாவது. அது விடுமுறை இல்லை. 24 மணித்தியாலத்துக்குள் கம்பனிக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும், அன்றைய நாளையும் முந்திய 7 நாளையும் கையால் எழுதிக் காட்டக்கூடியதாக வைத்திருக்க வேண்டும். கம்பனிக்குத் திருத்த 8 நாள், கனடாவில் 14. ஆசனத்துக்குப் பின்னால் வெறும் லொக் தாள் எட்டு நாளைக்குக் காணுமளவுக்காவது கிடக்கச் சொல்கிறது விதி. அந்தத் தாளில் கோப்பி ஊற்றி வைத்திருக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தெருவில் மறித்தால் அதிகாரி ஒரு குறியீட்டுச் சொல் தருவார். அதைத் தட்டினால் கோப்பு இணையத்தாலோ மின்னஞ்சலாலோ போகும். சில கருவிகளில் யூஎஸ்பி, புளூடூத். கருவி இருக்க வேண்டிய வண்டியில் அது இல்லையென்றால் 10 மணித்தியாலம் அங்கேயே நிற்க வேண்டும். அதன்பிறகு கடதாசி லொக்கோடு அந்தச் சுமையை இறக்கும் இடம் வரை போகலாம்.

வாங்குகிற நேரத்தில் கவனிக்க வேண்டிய ஒன்று. அமெரிக்காவில் தயாரிப்பாளர் தானே தன் கருவி சரி என்று உறுதி சொல்லிப் பதிவு செய்கிறார். விதிக்குப் பொருந்தாத கருவிகள் அவ்வப்போது அரசின் பட்டியலிலிருந்து நீக்கப்படுகின்றன. மாற்றிக்கொள்ள வழக்கமாக 60 நாள் தருவார்கள். கனடாவில் வெளியார் ஒருவர் சோதித்துச் சான்று கொடுக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஓடுகிறவர் இரண்டு பட்டியலிலும் தன் கருவியின் பெயர் இருக்கிறதா என்று தேடிப் பார்க்க வேண்டும். வாங்கிய அன்றைக்கு மட்டுமல்ல, இடைக்கிடையும்.