டேக் கொஸ்டின்: விதியை விடக் குரல் முக்கியம்

வெளிநாட்டு மருத்துவமனை வேலைக்காக ஓஇடி என்ற மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வு எழுதும் செவிலியர்களுக்கு ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறேன். டேக் கொஸ்டின், அதாவது வாக்கியத்தின் கடைசியில் "இஸன்ட் இட்?" போல ஒட்டிவரும் குட்டிக் கேள்வி, என்றதும் பலரும் பள்ளியில் படித்த விதியை மடமடவென்று ஒப்பிப்பார்கள். வாக்கியம் பாசிட்டிவ் என்றால் டேக் நெகட்டிவ், நெகட்டிவ் என்றால் பாசிட்டிவ். விதி சரிதான். ஆனால் பேச ஆரம்பித்ததும் எல்லா டேகிலும் குரல் ஒரே மாதிரி மேலே ஏறி நிற்கும்.

இங்கிலாந்தில் ஒரு நோயாளி, "இட்ஸ் கோல்ட் டுடே, இஸன்ட் இட்?" என்று குரலை இறக்கிச் சொன்னால், அவர் தகவல் கேட்கவில்லை, பேச்சுக்கு இழுக்கிறார். "இட் இஸ், இஸன்ட் இட்?" என்று அதே இறக்கத்தில் சொன்னால் போதும், மேற்கொண்டு பேசுவார். வெறும் "எஸ்" என்றால் பேச்சு அங்கேயே அறுந்துவிடும்.

இதுவே தலைகீழாகவும் நடக்கும். "யூ ஹேவ் டேக்கன் யுவர் டேப்லட், ஹேவன்ட் யூ?" என்பதைக் குரல் ஏற்றிக் கேட்டால், தெரிந்துகொள்ளக் கேட்கிறீர்கள். இறக்கிச் சொன்னால், போட்டிருப்பீர்கள் என்று நீங்களே முடிவு கட்டிவிட்டதாகப் படும். மாத்திரையை மறந்த வயதானவர் சங்கடப்பட்டு "எஸ்" சொல்லிவிடக்கூடும். எனக்கு இதுதான் பெரிய கவலை. "யூ ஆர் கமிங் டுமாரோ, இஸன்ட் இட்?" என்பது தவறுதான், "ஆர்ன்ட் யூ?" என்று வர வேண்டும். ஆனால் கேட்பவருக்குப் புரிந்துவிடும், பிறகு திருத்திக்கொள்ளலாம். குரலில் வரும் பிழை அப்படியில்லை, தவறு நடந்ததே யாருக்கும் தெரியாது.

நமக்கு இந்த ஏற்ற இறக்கம் புதிதில்லை. "நீங்க மதுரைதானே?" என்று தெரிந்து சொல்லும்போது குரல் இறங்கும், சந்தேகத்தில் கேட்கும்போது ஏறும். வகுப்பில் முதலில் தமிழிலேயே இதை இரண்டு விதமாகவும் சொல்லச் சொல்வேன். அப்புறம் நோயாளி விவரம் எழுதிய சீட்டு. அதைப் படித்தவர் இறக்கிச் சொல்ல வேண்டும், படிக்காதவர் ஏற்றிக் கேட்க வேண்டும். இரண்டுக்கும் வாக்கியம் ஒன்றேதான்: "யூ ஆர் டயபெடிக், ஆர்ன்ட் யூ?" சீட்டைப் படித்தவர் யார் என்று மற்றவர்கள் காதால் கேட்டே கண்டுபிடிக்க வேண்டும். இலக்கண அட்டவணையை இதற்குப் பிறகுதான் எடுப்பேன்.

பதில் சொல்வதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. அறுவை சிகிச்சைக்கு முன், "யூ ஹேவன்ட் ஈட்டன் எனிதிங், ஹேவ் யூ?" என்று கேட்கிறோம். "ஆமா, சாப்பிடல" என்று நினைக்கும் நம்மூர்க்காரர் "எஸ்" என்பார். ஆங்கிலத்தில் அங்கே "நோ, ஐ ஹேவன்ட்" வர வேண்டும். மயக்க மருந்து கொடுக்கும் நேரத்தில் இந்தக் குழப்பம் உயிருக்கே ஆபத்தாகலாம். செவிலியர் தனி "எஸ்"ஸை நம்பாமல், முழு வாக்கியமாகப் பதில் வாங்க வேண்டும்.

இன்னொன்று, ஓஇடி பேச்சுத் தேர்வில், பதிலை நாமே எடுத்துக் கொடுப்பது போன்ற கேள்விகள் கேட்கக் கூடாது என்பதும் மதிப்பீட்டில் உண்டு. டேக் கொஸ்டின் பெரும்பாலும் அந்த வகைதான். அதனால் நலம் விசாரிக்கும்போதும், ஏற்கெனவே தெரிந்ததை உறுதி செய்யும்போதும் டேகைப் பயன்படுத்துங்கள். தகவல் வேண்டுமென்றால், "வென் டிட் யூ லாஸ்ட் ஈட்?" என்று நேராகவே கேளுங்கள்.