ஒன்பது நிமிட வீடியோ எத்தனை நாள் தாங்கும்?

போலீஸ் பிடித்தபோது ஒருவருக்கு உடல்நலக் கோளாறு ஏற்பட்டது, மருத்துவமனையில் இறந்துவிட்டார். ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவர் இறந்த 2020 மே 25 சம்பவத்தைப் பற்றி அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரக் காவல்துறை முதலில் வெளியிட்ட அறிக்கையின் சாரம் இவ்வளவுதான். அவர் கழுத்தை அழுத்திய போலீஸ்காரரின் முழங்காலைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. தெருவில் நின்ற 17 வயதுப் பெண் அதைச் செல்போனில் படம் பிடித்து ஃபேஸ்புக்கில் போட்டிருக்காவிட்டால், விஷயம் அங்கேயே அமுங்கியிருக்கும்.

அமெரிக்காவில் போலீஸ் கையில் கறுப்பினத்தவர் இறப்பது புதிதல்ல. ஒவ்வொரு முறையும் ஒரு சமாதானம் தயாராக இருக்கும்: ஓடினார், எதிர்த்தார், பாக்கெட்டில் கைவிட்டார். இந்த வீடியோவில் அதற்கு இடமில்லை. கையில் விலங்கு, முகம் தரையில், சுற்றி நிற்பவர்கள் கெஞ்சுகிறார்கள்; முழங்கால் 9 நிமிடத்துக்கு மேல் எழவில்லை. ஆயிரம் பேரின் புள்ளிவிவரத்தைவிட ஒரே ஒருவரின் முகம் மனத்தை அதிகம் அசைக்கும் என்பது உளவியலில் பழைய பாடம். போதாக்குறைக்கு, கொரோனா ஊரடங்கில் பலர் வீட்டில் திரைமுன் உட்கார்ந்திருந்த நேரம்.

ஜூன் மாதம் கருத்துக்கணிப்பு நடத்தும் பியூ ஆய்வு மையம் அமெரிக்கர்களைக் கேட்டபோது, ‘பிளாக் லைவ்ஸ் மேட்டர்’ (கறுப்பினத்தவர் உயிரும் முக்கியம்) இயக்கத்தை ஆதரிப்பதாக 67% பேர் சொன்னார்கள். செப்டம்பரில் அது 55%. இந்தச் சராசரியைப் பிரித்துப் பார்த்தால்தான் சுவாரசியம். வெள்ளையரிடையே 60 என்பது 45 ஆகச் சரிந்தது. கறுப்பினத்தவரிடையே 86, அப்புறம் 87. தினம் தினம் அனுபவிப்பவர்களுக்கு வீடியோ புதிதாக எதையும் சொல்லவில்லை. அதனால் மறப்பதற்கும் ஒன்றுமில்லை.

சரி, ஆரம்பத்தில் மாறியவர்கள் யார்? டைலர் ரெனி, பெஞ்சமின் நியூமன் என்ற ஆய்வாளர்கள் அந்த மாதங்களின் கருத்துக்கணிப்புகளை அலசினார்கள். போலீஸ் மீதான நல்லெண்ணம் குறைந்தது உண்மை. ஆனால் குறைந்தது பெரும்பாலும் தாராளவாதிகளிடமும், இனவெறுப்பு ஏற்கெனவே குறைவாக இருந்தவர்களிடமும்தான். எதிர்முனையில் இருந்தவர்கள் அசையவில்லை; அசைந்தாலும் கொஞ்சம்தான், அதுவும் சீக்கிரம் மறைந்துவிட்டது.

சரிவுக்கு மறதி மட்டும் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. மே மாதக் கேள்வி எளிது: இந்த மனிதருக்குச் செய்தது சரியா? சில வாரங்களில் போராட்டங்களின்போது நடந்த தீவைப்பு, போலீஸ் நிதியைக் குறைக்கும் கோரிக்கை, நவம்பர் அதிபர் தேர்தல் எல்லாம் அதோடு ஒட்டிக்கொண்டன. கேள்வியே ‘நீ எந்தக் கட்சி?’ என்று மாறிவிட்டது. அதற்குப் பதில் சொல்ல யாரும் வீடியோவைத் திரும்பப் பார்க்க வேண்டியதில்லை.

முழங்கால் வைத்த போலீஸ்காரர் டெரெக் ஷாவின் 2021 ஏப்ரலில் கொலைக் குற்றவாளி என்று தீர்ப்பானது; தண்டனை இருபத்திரண்டரை ஆண்டு. 2023இல் பியூ அதே இயக்கத்தைப் பற்றி மறுபடி கேட்டது. ஆதரவு 51%.